தொடாத சம்பளம்

ஜனவரி 8, ஞாயிறு

நான் வேலை பார்க்கிற பள்ளியில் புத்தாண்டுக்கு ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். ஆபீஸ் ரூமில் மற்றவர்கள் அதைப் பிள்ளைகளுக்குக் கிறுக்கக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு பொருள் சும்மா கிடந்தால் மனசு ஆறாது. அதனால் எழுதுகிறேன்.

இன்று கறிக்காக அவரோடு சண்டை. அரைக் கிலோ வாங்கி வரச் சொன்னால் ஒன்றரைக் கிலோ வாங்கி வந்தார். பாதியை எதிர்வீட்டுத் துரைசாமி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். அண்ணன் அரசு பஸ் டிரைவர், அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார். நல்ல மனுஷர்தான். அதற்காக நாமா கறி எடுத்துக் கொடுக்க வேண்டும்?

"ஒரு நாளைக்குச் சந்தோசமா இருந்தா உனக்கு என்ன புள்ள?" என்றார்.

"இருபதாந் தேதிக்கு மேல என்கிட்டத்தான வந்து நிப்பீங்க?" என்றேன்.

அவர் மோட்டார் பம்பு கடையில் சேல்ஸ்மேன். உடுமலையில் திருமூர்த்தி என்றால் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பேச்சு அப்படி. சம்பளம் வந்த வாரத்தில் டீக்கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவர்தான் காசு கொடுப்பார். வாடகையும் மகள் தாரணியின் ஸ்கூல் ஃபீஸும் என் சம்பளத்தில்தான். திடீரென்று ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன செய்வது என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். அவர் படுத்ததும் தூங்கிவிடுவார்.

ஜனவரி 29, ஞாயிறு

பொள்ளாச்சி ரோட்டில் மாடியில் புதிதாக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி வந்திருக்கிறது. ஒரு லட்சம் போட்டால் மாதம் எட்டாயிரம் தருகிறார்களாம். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன். அவர் ஏஜெண்டாகச் சேர்ந்துவிட்டார். சேர்ந்த பிறகுதான் என்னிடம் சொல்கிறார். என் சேமிப்பு இரண்டு லட்சத்தையும் அதில் போடச் சொன்னார்.

"எட்டாயிரம் எங்கிருந்துங்க வரும்?"

"வெளிநாட்டுல ட்ரேடிங் பண்றாங்க."

"என்ன ட்ரேடிங்?"

"அதெல்லாஞ் சொன்னா உனக்குப் புரியாது."

"புரியலைன்னா என்ற காசு வேண்டாங்க. பேங்க்லயே கெடக்கட்டும்."

சிரித்தார். "உன்ற பயத்துனாலதான் நாம இன்னும் வாடகை ஊட்டுல கெடக்கறோம்" என்றார்.

கோதுமை மாவில் வண்டு. முழுவதும் சலித்து வெயிலில் வைத்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

புது ஃபிரிட்ஜ் வந்திருக்கிறது. இரண்டு கதவு. கையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தாரணி அதன் கதவைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

மாதம் முடிந்துவிட்டதே, அவர் கணக்கில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று போனில் பார்த்தேன். ஜனவரிச் சம்பளம் அப்படியே இருந்தது. பிப்ரவரிச் சம்பளமும் அப்படியே இருந்தது. ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை.

சந்தோஷப்பட வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. அப்படியானால் இந்த ஃபிரிட்ஜ் எதில் வந்தது? போன வாரம் வாங்கிய செல்போன்? கமிஷன் இவ்வளவா கொடுப்பார்கள்?

கேட்கவில்லை. "இந்தச் சம்பளக் காசை நான் என் பேர்ல எஃப்.டி. போட்டுக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டேன். "என்னமோ பண்ணிக்க" என்றார். அப்போதே போனிலேயே போட்டுவிட்டேன். என் இரண்டு லட்சத்தையும் அதோடு சேர்த்தாயிற்று.

மார்ச் 19, ஞாயிறு

துரைசாமி அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட் பணம் வந்துவிட்டது. அவரும் அம்சவேணி அக்காவும் வந்தார்கள். இவர் ஒரு மணி நேரம் பேசினார். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். அவருக்கு யோசனை இருந்தது நன்றாகத் தெரிந்தது.

அக்கா கறிவேப்பிலை வேண்டுமென்று சமையலறைக்குள் வந்தார்கள். கறிவேப்பிலைக்காக வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அதைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது.

மார்ச் 22, புதன்

துரைசாமி அண்ணன் எட்டு லட்சம் போட்டுவிட்டாராம். என் வீட்டுக்காரர் மைசூர்பாகும் எனக்கொரு பட்டுப்புடவையும் வாங்கி வந்தார். பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருஷப்பிறப்பு. தாரணி கேட்டதால் அந்தப் புடவையைக் கட்டினேன். கோயிலில் இரண்டு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அம்சவேணி அக்கா வெல்லமும் பருப்பும் வைத்து ஒப்புட்டு செய்து கொண்டுவந்தார்கள், நெய் வடிய. முதல் மாதக் காசு வந்துவிட்டதாம். "உங்க புண்ணியத்துல புள்ளைக்குக் கல்யாணத்துக்கு வாங்குன கடனைக் கட்டிருவோம் அம்மிணி" என்றார்கள். அவர் மூன்று ஒப்புட்டு சாப்பிட்டார். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அசிடிட்டி என்று சொன்னேன்.

மார்ச் சம்பளத்தையும் அவர் தொடவில்லை. எஃப்.டி.யில் போட்டாயிற்று.

ஏப்ரல் 28, வெள்ளி

கம்பெனியிலிருந்து இந்த வாரம் யாருக்கும் காசு வரவில்லையாம். சர்வர் பிரச்சனை என்கிறார்.

மே 5, வெள்ளி

வண்டியை வாசலில் நிறுத்தாமல் பின் சந்தில் நிறுத்துகிறார். போன் அடித்தால் எடுத்துப் பார்க்கிறார், வைத்துவிடுகிறார். குளிக்கப் போகும்போதும் போனைக் கொண்டுபோகிறார். சாப்பிடும்போது கேட் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் சாப்பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். கேபிள்காரர்.

மே 9, செவ்வாய்

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஷட்டர் எறக்கிப் பூட்டிருக்குது சுகந்தி. போர்டைக்கூடக் கழட்டிட்டானுங்க."

"ஓனரு?"

"ஆறு நாளா போனே போகல."

"நீங்க சேத்துவிட்டவங்க எத்தன பேருங்க?"

தண்ணீர் குடித்தார். மறுபடியும் கேட்டேன்.

"நெம்பப் பேரு" என்றார். அப்புறம் ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் கடை முதலாளியின் தம்பி. எங்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். தாரணியின் டியூஷன் டீச்சர். நிறுத்தச் சொன்னேன். எனக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மே 10, புதன்

காலையிலேயே பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். அவர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். உள்ளே தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. நான் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து "அவரு ஊட்டுல இல்லீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"வண்டி சந்துல நிக்குது, ஆளு இல்லையா?" என்று ஒருவர் கத்தினார். கேட்டை உதைத்தார்கள். தண்ணீர் கேன் போடும் குமரேசன் வெறுமனே அழுதுகொண்டு நின்றார். அவரைப் பார்க்க முடியாமல் ஜன்னலைச் சாத்தினேன். போகும்போது வண்டியின் சீட்டைக் கிழித்துவிட்டுப் போனார்கள்.

தாரணி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மாலையில் என் அண்ணனை வரச்சொல்லி அவளைப் பழனிக்கு அனுப்பிவிட்டேன். லீவுதானே என்று சொல்லி அனுப்பினேன்.

மே 11, வியாழன்

"கோயமுத்தூர்ல ஒரு வக்கீலைப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று பின் வழியாகப் போனார். ஒரு வக்கீலைப் பார்க்க எதற்கு நான்கு சட்டை? அதையும் கேட்கவில்லை. இப்போது போன் ஸ்விட்ச் ஆஃப்.

மே 12, வெள்ளி

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்கள் கேட்டுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் துரைசாமி அண்ணன். பழைய காக்கிச் சட்டை போட்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கத்தவில்லை, கூப்பிடவில்லை. கத்துகிறவர்கள் கத்திவிட்டுப் போய்விடுவார்கள். இவர் எழுந்திருக்கவே இல்லை.

குழாயில் தண்ணீர் வந்தது. கேட்டுக்கு அருகே போக வேண்டும் என்பதால் பிடிக்கவில்லை. துணி காயப்போடவில்லை. விசில் சத்தம் வெளியே கேட்கும் என்று குக்கர் வைக்கவில்லை. காலையில் ஊறவைத்த அவலைத்தான் இரண்டு வேளையும் தின்றேன். அந்த உடம்பு, அந்தக் கை. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. ஒருமுறை தள்ளினால் எங்கள் கேட் தாங்காது.

பள்ளிக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 13, சனி

இன்றும் உட்கார்ந்திருக்கிறார்.

மே 14, ஞாயிறு

பின் கதவைத் தட்டினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அம்மிணி, நாந்தான், தொற" என்று அம்சவேணி அக்காவின் குரல். திறக்காவிட்டால் சத்தம் போடுவார்கள் என்று திறந்தேன்.

கையில் ஒரு தூக்குப்போசி. அதில் சூடாகச் சோறும் பருப்பும்.

"அடுப்பே எரியலையே, என்ன தின்ன நீ?" என்று உள்ளே வந்து தட்டெடுத்து அவர்களே போட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலைப் பார்த்தேன். அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது.

"அவரப் பாத்தா பயந்துட்ட? ஐயோ சாமி. பொம்பள தனியா இருக்கறா, கண்டவனும் வந்து கேட்டை ஒடைக்கிறான், நான் போயி உக்காந்துக்கறேன்னு சொல்லி அவருதான் சேரை எடுத்துட்டுப் போனாரு. நேத்து ரெண்டு பேரத் திருப்பி அனுப்புனாரு தெரியுமா?"

நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.

"அவரு என்ன சொல்றாருன்னா, திருமூர்த்தி பண்ணுனது தப்புத்தான், ஆனா அந்தப் புள்ள என்ன பண்ணும், அதும் நம்மளாட்டம் ஏமாந்ததுதானேங்கறாரு. அன்னிக்கு நீதான சொன்ன, எங்க பணமும் அதுலதாங்கக்கா இருக்குது, பயப்படாமப் போடுங்கன்னு. அத நம்பித்தான் அவருக்கு மனசு வந்துச்சு." என் தலையைத் தடவினார்கள். "உங்களுக்கு எவ்வளவு கண்ணு போச்சு? நெம்பவா?"

"ஆமாங்கக்கா" என்றேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அக்கா போன பிறகு குப்பையில் கொட்டினேன். நான் சோற்றைக் கொட்டியதே கிடையாது.

இதுவரை கேட்டை உடைத்துவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். இனி அந்த மனுஷன் எங்களைக் காவல் காக்கிறார் என்று பயப்பட வேண்டும். இது அதைவிட மோசமாக இருக்கிறது.

மே 16, செவ்வாய்

தெரியாத நம்பரிலிருந்து அவர். பின்னால் பஸ் ஸ்டாண்ட் சத்தம்.

"அந்த எஃப்.டி.ய ஒடைச்சு எடுத்துட்டு நாளைக்குக் காந்திபுரம் வந்துரு. வக்கீலுக்குக் குடுக்கோணும். மிச்சத்தை வெச்சுட்டுக் கொஞ்ச நாள் பெங்களூர்ல இருந்துக்கலாம்."

"தாரணி?"

"பொறகு கூட்டிக்கலாம். சுகந்தி, அது என்ற சம்பளம், உன்ற சேமிப்பு. சுத்தமான காசு. ஒருத்தனும் கேக்க முடியாது. ஊட்டுக்கு வர்ற யாருக்கும் பாவம் பாத்துக் குடுத்துறாத. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க."

அவர் அழுகிறாரோ என்று தோன்றியது. என்னிடம் எப்போதும் அவர் காசு கேட்கும்போது சிரிப்பார்.

மே 17, புதன்

எப்படிப் போவது என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் பையோடு நின்றேன். தெரு முக்கிலேயே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். துரைசாமி அண்ணன் பார்த்துவிட்டார். எழுந்து கேட்டருகே வந்தார்.

"எங்க அம்மிணி போகோணும்?"

"பேங்குக்குங்கண்ணா."

"தனியாப் போகாத. இரு, வண்டி எடுத்துட்டு வாறேன்."

அவர் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் ஒருவர் என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். அண்ணன் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் போய்விட்டார்.

எஃப்.டி.யை உடைத்துப் பணத்தைக் கையில் வாங்க மதியமாகிவிட்டது. அண்ணன் வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டே இருந்தார். பையை அணைத்துக்கொண்டு வந்தேன். "இனி எங்க?" என்றார். கோயமுத்தூர் பஸ் என்று சொன்னால் கொண்டுபோய் ஏற்றியே விட்டிருப்பார். உட்கார இடம் பிடித்தும் கொடுத்திருப்பார்.

"அண்ணா, எங்க பணம் அந்தக் கம்பெனில இல்லீங்க" என்றேன்.

வண்டிச் சாவியைத் திருப்பப் போனவர் நிறுத்தினார்.

"நான் ஒரு ரூபாகூடப் போடலீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு, போடல. அக்காகிட்ட மட்டும் போட்டிருக்கறோம்னு சொல்லிட்டேன். இந்த நாலு மாசமும் நாங்க தின்னது உங்க காசுங்கண்ணா. எங்க காசு பூரா இதுல இருக்குது."

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பினார். ஒரு பஸ் போனது. அது போய் முடியும்வரை பார்த்தார்.

"கண்டக்டரு ரைட்டுன்னு சொன்னா நான் திரும்பிப் பாக்க மாட்டேன் அம்மிணி" என்றார். "முப்பது வருசம் அப்பிடித்தான் ஓட்டுனேன். நீ ரைட்டுன்னு சொன்ன."

பையை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். அதை இங்கே எழுதவே கூசுகிறது. வாங்கிக்கொண்டார். எண்ணவில்லை. சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

டவுன் பஸ்ஸில் வந்தேன்.

மே 18, வியாழன்

கேட்டுக்கு எதிரே யாரும் இல்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது.

மே 20, சனி

அவர் சொன்னதுதான் நடந்தது. துரைசாமிக்கு மட்டும் கொடுத்தாயாமே என்று இருபது பேர் வந்தார்கள். இந்த முறை கேட்டை உதைக்கும் முன் நானே திறந்துவிட்டேன். திறக்கும்போது சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. ஃபிரிட்ஜ், டி.வி., சந்தில் நின்ற வண்டி எல்லாம் போனது. டியூஷன் டீச்சர் ஃபிரிட்ஜுக்குள் இருந்த தோசை மாவை எடுத்து எனக்காகச் சமையல் மேடை மேல் வைத்துவிட்டுப் போனார். பட்டுப்புடவையைக் குமரேசனின் சம்சாரத்திடம் நானே கொடுத்தேன். அந்த அம்மா தரையில் போட்டு மிதித்தார்கள், அப்புறம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அம்சவேணி அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததும் திரையை இழுத்துவிட்டார்கள்.

மே 23, செவ்வாய்

மதியம் அவர் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். தாடி. சட்டைக் காலரில் அழுக்கு. காலியாகக் கிடந்த ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"எஃப்.டி.?"

"துரைசாமிண்ணன்கிட்டக் குடுத்துட்டேனுங்க."

அடிப்பாரோ என்று ஒரு நொடி நினைத்தேன். இதுவரை அடித்ததில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"உன்ற ரெண்டு லட்சமும் அதுலதான இருந்துச்சு?"

"ஆமா."

"ஒரு டீ குடிக்கறதுக்கே கணக்குப் பாப்பியே."

புளித்துப்போன அந்த மாவில் தோசை ஊற்றிக் கொடுத்தேன். ஐந்து தின்றார். சாப்பிட்டுவிட்டு, "எனக்குப் பயமா இருக்குது சுகந்தி" என்றார். இந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இந்த வீட்டில் பயம் என் டிபார்ட்மென்ட்.

"எனக்குந்தாங்க" என்றேன். "நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போயிரலாம். அவங்களா வந்து இழுத்துட்டுப் போறதுக்கு முன்னால நாமளே போயிரலாம். நானும் வாறேன்."

மே 24, புதன்

நான் மட்டும் திரும்பி வந்திருக்கிறேன். அவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். திருப்பூருக்குக் கொண்டுபோவார்களாம். சட்டையும் துண்டும் நாளை கொண்டுவரச் சொன்னார்கள். வழியில் தாரணிக்குப் போன் செய்தேன். மாமா வீட்டில் மாம்பழம் தின்றாளாம். அப்பா எங்கே என்றாள். நான் வந்து சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் தான் சேர்த்துவிட்ட ஒவ்வொருவர் பேரையும் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரையாச்சும் பணம் போடச் சொன்னீங்களாம்மா?"

நான் வாயைத் திறக்கும் முன் அவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சார். அவ ஒரு ரூபாகூடப் போடல, பேங்க்ல வேணாப் பாருங்க. அவ நெம்ப சிக்கனம்ங்க சார்." சொல்லும்போது என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், சும்மா இரு என்று.

அவர் எனக்காகச் செய்த செலவுகளில் இது ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "சரிம்மா, நீங்க போலாம்" என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். ரைட்டர் பேனாவை மூடிவிட்டார்.

"சொன்னேனுங்க சார்" என்றேன்.

ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"பேரச் சொல்லுங்க."

"என்ற பேருங்களா, அவங்க பேருங்களா?"

"ரெண்டும்."

ரெண்டையும் சொன்னேன்.